மண்ணிறப் போத்தல், வெள்ளை எழுத்து: தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு எளிமையான உறை செய்த பதிவு

உப்புவெளியில் என் சின்னம்மா வீட்டிலேயே தலைக்கு வைக்கும் எண்ணெய் காய்ச்சி விற்கிறார். தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, நெல்லிக்காய், கொஞ்சம் வெந்தயம் போட்டுக் காய்ச்சுவார். இறக்கி ஆறும்போது வெட்டிவேர் சேர்ப்பார். எண்ணெயில் நான் கை வைக்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. போத்தலையும் அதன்மேல் எழுதியிருப்பதையும் மாற்றுவதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. திருகோணமலையிலும் சுற்றிலும் வீட்டிலிருந்தபடி எண்ணெய், சீயக்காய், சவர்க்காரம் செய்து விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எது சரிவந்தது, எது வரவில்லை என்று எழுதிவைத்தால் அவர்களுக்கு உதவும்.

பழைய போத்தல் தெளிந்த பிளாஸ்டிக். அதைச் சுற்றிப் பளபளப்பான பச்சை ஸ்டிக்கர். முழங்கால் வரை கூந்தல் தொங்கும் ஒரு பெண்ணின் படம், தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம், அதற்குள் ஒரு வாக்குறுதி, கீழே இன்னும் நாலைந்து வாக்குறுதிகள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்பது பின்பக்கம் பச்சையில் மஞ்சள் எழுத்தாக, எறும்பு அளவில். தலையிடிக்காரர் ஒருவர் "இதில நல்லெண்ணெய் சேர்ந்திருக்கோ?" என்று கேட்டு, போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாமல் சின்னம்மாவிடமே திரும்பக் கேட்டார். பதில் அவர் கையிலேயே அச்சடித்து இருந்தது.

எளிமையான உறை எனக்குப் பிடிப்பதற்கு முதற் காரணம் இதுதான். தலைக்கு வைக்கும் சாமானை யாரும் மேசையில் உட்கார்ந்து படிப்பதில்லை. கையில் எண்ணெய், கண்ணில் நுரை, மூக்குக் கண்ணாடி வேறெங்கோ. அந்த நிலையில் இருப்பவருக்கு இது என்ன, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு நல்லாயிருக்கும் என்ற மூன்றும் உடனே கண்ணில் படவேண்டும். மற்றதெல்லாம் விலகி நின்றால்தான் அது படும்.

அழகுக்காகவும் எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. மெல்பேர்னில் 1987இல் டெனிஸ் பஃபிட்டிஸ் என்ற முடி திருத்துநர் தொடங்கிய ஈசாப் என்ற அழகுசாதனக் கம்பனியின் போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள்: மண்ணிறப் போத்தல், வெளிர் நிற லேபல், வரிசையாக எழுத்து, படம் கிடையாது. ஜப்பானின் மூஜி அதற்கும் முந்தியது. 1980இல் செய்யூ என்ற சங்கிலிக் கடையின் சொந்தப் பொருள்களாகத் தொடங்கியபோதே மூலப்பொருளைத் தேர்வது, செய்முறையைச் சுருக்குவது, உறையை எளிமையாக்குவது என்ற மூன்றையும் கொள்கையாக வைத்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மூஜி ஆரம்பத்திலேயே பொருள் ஏன் மலிவு என்ற காரணத்தை உறையில் எழுதினார்கள். படத்தையும் நிறத்தையும் எடுத்த இடத்தில் ஒரு நேர்மையான வாக்கியத்தை வைத்தார்கள். எங்கள் போத்தலுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் அதுதான்.

போத்தல்

முதலில் தெளிந்த கண்ணாடிப் போத்தல்தான் என் எண்ணத்தில் இருந்தது. கரிசலாங்கண்ணி இறங்கிய எண்ணெய்க்கு அருமையான பச்சை வரும். அந்த நிறமே போதும், எழுத்துக்கூட அதிகம் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பச்சைதான் பிரச்சினை. இலையின் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஒட்சிசனைத் தூண்டிவிடும். அந்த ஒட்சிசன் எண்ணெயைத் தாக்கும். வெறும் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் கெடாத எண்ணெய்தான். பச்சை இலை காய்ச்சிய எண்ணெய்க்கு வெளிச்சத்தில் அந்த உறுதி இல்லை.

இதைச் சின்னம்மாவுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவதைவிடக் காட்டுவது சுலபம். ஒரே காய்ச்சலில் எடுத்த எண்ணெயைத் தெளிந்த போத்தலிலும் மண்ணிறப் போத்தலிலும் ஊற்றி, கிழக்கு யன்னலில் வைத்தோம். கச்சான் காற்று வீசும் காலம், வெயிலுக்குக் குறைவில்லை. சில வாரங்களில் தெளிந்த போத்தலில் பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் காறல் வாடை. மண்ணிறப் போத்தலில் இருந்தது வைத்தபடியே இருந்தது. மண்ணிறக் கண்ணாடி புற ஊதாக் கதிரையும் நீல ஒளியின் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். மருந்துக்காரர்கள் சிரப்பை அதில் அடைப்பதும் இதற்காகத்தான். இன்றைக்கு அழகுசாதனக் கடைகளில் நாகரிகமாகத் தெரியும் மண்ணிறம் அப்படியொரு தேவையிலிருந்து வந்தது. காரணம் உள்ள அழகு என்பதால் எனக்கு அதில் மரியாதை.

நிறம் வெளியே தெரியாதே என்று சின்னம்மாவுக்குக் கவலை. கடை மேசையில் ஒரு சின்னத் தெளிந்த குப்பியில் எண்ணெயை வைத்துக் காட்டினால் போதும், காறுவதற்கு முன் மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்தோம்.

அடுத்தது கழுத்து. கண்ணாடிப் போத்தல் விற்பவர்கள் கழுத்துக்குள் அழுத்தி வைக்கும் ஒரு சிறு அடைப்பும் தருவார்கள், நடுவில் ஊசித்துளை, சொட்டுச் சொட்டாக எண்ணெய் வரும். பார்க்கத் துப்புரவாக இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது சரிவராது. 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். எங்களூரில் மார்கழி, தை விடியற்காலைகளில் கலங்கி நிற்கும், அவ்வளவுதான். நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ அனுப்பினால் வெள்ளைக் கட்டி. ஊசித்துளையால் கட்டி வராது. அதனால் அடைப்பை எடுத்துவிட்டோம், விரல் நுழையும் அளவுக்கு அகன்ற வாய் உள்ள போத்தலைத் தேடினோம். உறைந்தால் ஒரு விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தாலே உருகிவிடும். பிளாஸ்டிக் துண்டு ஒன்று குறைந்தது, பாவிப்பதும் இலகுவானது. குறைக்கும் வேலையில் இப்படி இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் கிடைத்தால் விடக்கூடாது.

பம்ப் மூடியும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தோம். ஒரு பம்ப்பைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக், ஒரு இரும்புச் சுருள், சிலதில் ஒரு கண்ணாடிக் குண்டு. போத்தலை மீள்சுழற்சிக்கு எடுப்பவர்கூட அதைக் கழற்றி எறிந்துவிடுவார். வெளியே வெள்ளையாய் எளிமையாய் நிற்கும் எத்தனையோ ஷாம்பு போத்தல்களின் தலையில் இந்தச் சிக்கல்தான் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கு எளிமை வேறு, சாமானில் எளிமை வேறு. கடைகளில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். கிராஃப்ட் கடதாசிப் பை என்று வாங்குவதிலும் அப்படித்தான். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய படலம் இழுபட்டு நீளுமானால் அது கடதாசி போர்த்திய பிளாஸ்டிக். வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அலுமினியமும் இருக்கிறது. அந்த மூன்றையும் பிரித்தெடுப்பது லேசில் நடக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: போத்தலையும் மூடியையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். இரண்டிலும் 28 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் புரியின் உயரமும் சுற்றும் வேறாக இருக்கலாம். இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், சரித்து வைத்தால் கசியும். வாங்கியதும் தண்ணீர் நிரப்பி, கடதாசியின் மேல் கிடையாக ஒரு இரவு வைத்துப் பார்ப்பது நல்லது.

எழுத்து

இந்தப் பகுதிக்குத்தான் எனக்கு மனம் அதிகம் செலவானது.

வெளிநாட்டு எளிமைப் போத்தல்கள் பெரும்பாலும் ஒரே மொழியில் பேசுகின்றன. மெல்லிய எழுத்தில் இரண்டு சொல், சுற்றிலும் வெற்றிடம். எங்களூரில் அது நடக்காது. என்.சி. வீதியில் ஒரு கடையில் நின்றால் உவர்மலையிலிருந்து வரும் தமிழரும், கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் முஸ்லிம்களும், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவரும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டவரும் ஒரே மேசையில் சாமான் எடுப்பார்கள். ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றும் வேண்டும். எளிமை என்ற பெயரில் ஒன்றை எடுத்துவிடுவது ஒரு பங்குச் சனத்தைக் கடைக்கு வெளியே நிறுத்துவது மாதிரி. அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மூன்று எழுத்தையும் பக்கம் பக்கமாக மூன்று நிரலில் வைத்துப் பார்த்தேன். 100 மில்லிலீற்றர் போத்தலின் சுற்றளவில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் அகலத்தில் "கரிசலாங்கண்ணி" ஒரு வரியில் அடங்காது. உடைத்தால் படிக்க முடியாது, சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. நிரலைக் கைவிட்டு, ஒவ்வொரு மொழிக்கும் போத்தலைச் சுற்றி ஓடும் ஒரு பட்டை என்று மாற்றினேன். முன்பக்கத்தில் பெயர் மட்டும், மூன்று மொழியிலும் ஒரே பருமன், ஒன்றன் கீழ் ஒன்று, "தலைக்கு எண்ணெய்" மேலே. அதன் கீழ் 100 மி.லீ. அவ்வளவுதான். பொருள்களின் பட்டியலும் பாவிக்கும் முறையும் பின்பக்கப் பட்டைகளில்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் எடுத்தேன். இலவசம், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தில் வருகின்றன, பக்கத்தில் பக்கம் வைத்தால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நிற்காது. மூன்று மொழி லேபல் செய்கிற எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். தனித்தனியாக அழகான எழுத்துருக்களைத் தேடிச் சேர்த்தால் லேபல் சந்தைக்கடை ஆகிவிடும்.

சரி, எதை எடுத்தோம்? பெண்ணின் படம், நட்சத்திரம், வாக்குறுதிகள் எல்லாம் போயின. "முடி வளரும்", "கொட்டுவது நிற்கும்" என்பவற்றை எடுக்கச் சின்னம்மாவுக்கு மனமே இல்லை. அவற்றைப் பார்த்துத்தான் சனம் வாங்குகிறது என்று நினைத்தார். எங்களால் நிரூபிக்க முடியாததை எழுதக்கூடாது என்பது என் பக்கம். தேங்காய் எண்ணெயைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம், சிறிய நேரான மூலக்கூறு, முடித் தண்டுக்குள் ஊடுருவும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் தேங்காய் எண்ணெயோடு ஒப்பிட்டபோது, முடி புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆகவே "குளிக்க முன் பூசினால் முடி உடைவது குறையும்" என்று ஒரு வரி வைத்தோம். அந்த ஒரு வரி பழைய வாக்குறுதிகள் எல்லாவற்றையும்விடப் பலமானது என்று நம்புகிறேன், கேட்டால் காரணம் சொல்லலாம்.

எடுக்கக்கூடாதவை: சேர்த்த பொருள்கள், அளவில் கூடியது முதலாக வரிசைப்படி. உறைந்தால் போத்தலை வெந்நீரில் வைக்கவேண்டும் என்ற குறிப்பு. செய்தவரின் பெயரும் இடமும். விலை, தொகுதி இலக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி. கடைசி நாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கேட்பவை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. எளிமையான லேபல் செய்கிறோம் என்று இவற்றை விழுங்கிவிடும் போத்தல்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கு வேண்டியதை எடுத்துவிட்டு விற்பவருக்குப் பிடித்த வெற்றிடத்தை வைப்பது நல்ல வேலை இல்லை.

முதல் மாதிரியைக் காட்டியபோது சின்னம்மா போத்தலை எட்டப் பிடித்துப் பார்த்தார். "பிள்ளை, இதில பூவுமில்லை, படமுமில்லை. மருந்துப் போத்தல் எண்டுதான் சனம் நினைக்கும்."

"எழுதியிருக்குத்தானே, சின்னம்மா."

"வாசிக்கிற ஆளுக்கு எழுதியிருக்கு. கண் தெரியாத கிழவிக்கு?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. எழுத்துப் படிக்காதவரும், பார்வை மங்கியவரும் போத்தலை அடையாளம் காணவேண்டும். ஒரே கோட்டில் வரைந்த செவ்வரத்தம்பூ ஒன்றை, ஐந்து இதழும் நீண்ட மகரந்தத் தண்டுமாக, பெயருக்கு மேலே வைத்தோம். அது உள்ளே இருக்கும் பொருள்தான், ஆகவே அதுவும் தகவல். சின்னம்மாவுக்குத் திருப்தி. எனக்கும் இப்போது அந்தப் பூ இல்லாமல் போத்தலைப் பார்க்க முடியவில்லை.

அச்சு

கடதாசி லேபல்தான் முதலில். மினுக்கம் இல்லாத வெள்ளைக் கடதாசி, கறுப்பு மை. ஒட்டிய அன்றைக்கு மிக அழகு. எண்ணெய்க் கை பட்டதும் கடதாசி எண்ணெயை உறிஞ்சி, கண்ணாடி போல ஊடுதெரிய ஆரம்பித்தது. மேலே பிளாஸ்டிக் படலம் போட்டால் தாங்கும், ஆனால் அப்போது கடதாசி என்று சொல்வதில் பொருளில்லை. இன்னொன்று: நிறைந்து வழியும் லேபல் சாய்ந்து ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. வெற்றிடம் உள்ள லேபல் இரண்டு மில்லிமீற்றர் சாய்ந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். எளிமையான வடிவம் கையின் தவறை மறைக்காது.

அதனால் கண்ணாடியிலேயே அச்சடிப்பது என்று போனோம். நகரில் ரீசேர்ட்டுக்கும் துணிப்பைக்கும் ஸ்கிரீன் அச்சடிக்கிற ஒரு அண்ணை இருக்கிறார். ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் வழியே மையைத் தள்ளுவார்கள். தட்டையான துணியில் அவருக்குக் கை பழகியது. உருண்டைப் போத்தலில் எப்படி என்பதுதான் கேள்வி. வழி எளிது: துணியில் ஸ்கிரீன் அசையாது, மை இழுக்கும் ரப்பர் கட்டை நகரும். போத்தலில் கட்டை அசையாமல் நிற்கவேண்டும், ஸ்கிரீன் பக்கவாட்டில் நகரவேண்டும், அதன் உராய்வில் போத்தல் தானாக உருளவேண்டும்.

பழைய மின்விசிறிகளிலிருந்து கழற்றிய நாலு பெயரிங் வாங்கி, ஒரு பலகையில் இரண்டிரண்டாகப் பொருத்தினோம், போத்தல் அவற்றின் மேல் படுக்கும். போத்தலின் அடிப்பக்கத்துக்கு ஒரு மரத்தடுப்பு, ஒவ்வொரு போத்தலும் ஒரே இடத்தில் நிற்பதற்கு. மேலே இரண்டு பக்கமும் மரச்சட்டம், ஸ்கிரீன் அதில் வழுக்கிப் போகும். ரப்பர் கட்டையை ஒரு குறுக்குச் சட்டத்தில் திருகி, போத்தலின் உச்சிக்கோட்டில் மட்டும் தொடும்படி உயரம் வைத்தோம். சட்டம் இரண்டும் போத்தலுக்கு நேர்க்குத்தாக இல்லாவிட்டால் எழுத்து சுருள்வில் மாதிரி ஏறிப்போகும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடிக்கவேண்டும். போத்தலில் தொடக்க இடத்துக்கு ஒரு பென்சில் கோடு. அவ்வளவுதான் கருவி.

துணிக்குப் பாவிக்கும் வலை சென்ரிமீற்றருக்கு 43 இழை அளவில் இருக்கும், தாராளமாக மை விடும். சிறிய எழுத்துக்கு அது ஆகாது. 120 இழை வலை எடுக்கவேண்டியிருந்தது. அதிலும் எழுத்தின் அளவு ஏழு புள்ளிக்குக் குறைந்தால் தமிழில் "ண", "ஞ" ஆகியவற்றின் சுழிக்குள் மை நிரம்பிவிடுகிறது. சிங்களத்தில் சுழி இன்னும் அதிகம், அதற்கும் அதே அளவு. ஆங்கிலம் ஐந்திலும் தாங்கியது. மூன்றும் ஒரே பருமன் என்பதால் ஏழுக்கு மேலேயே நின்றோம். இடம் போதாமல் போனபோது வாக்கியங்களைச் சுருக்கினோமே தவிர எழுத்தைச் சுருக்கவில்லை.

ஸ்கிரீனில் பூசும் ஒளிப்பசை வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், படாத இடம் கழுவும்போது திறந்து மையை விடும். அதை உச்சி வெயிலிலேயே பதிக்கலாம், எங்களூர் வெயிலுக்கு விளக்குத் தேவையில்லை. ஆனால் மிகச் சொற்ப நேரம்தான். கூடினால் மெல்லிய கோடுகள் இறுகி, கழுவும்போது திறக்காது. பூவின் மகரந்தத் தண்டு முதலில் இப்படித்தான் காணாமல் போனது. மை கண்ணாடிக்கென்றே வரும் இரண்டு பகுதி எபொக்சி மை, வெள்ளை. கலந்தபின் கொஞ்ச நேரத்தில் இறுகத் தொடங்கும், ஆகவே சிறுகச் சிறுகக் கலக்கவேண்டும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அச்சடித்த போத்தலை மை இறுகுவதற்குச் சூடாக்கும்போது சமையல் ஓவனைப் பாவிக்க வேண்டாம், பழைய ஓவன் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். போத்தலில் ஒரு துளி எண்ணெயோ விரல் அடையாளமோ இருந்தால் மை அங்கே உரியும். ஸ்பிரிட் துணியால் துடைத்து, கழுத்தில் மட்டும் பிடிக்கவேண்டும்.

காய்ந்த போத்தலை எண்ணெயில் ஊறவைத்தோம், சவர்க்கார நீரில் தேய்த்தோம், ஒட்டுநாடா ஒட்டி இழுத்தோம். எழுத்து நின்றது. ஒரே நிறம் என்பதால் ஒரே ஸ்கிரீன், ஒரே இழுப்பு. பழைய ஸ்டிக்கரின் பல நிறங்களை இப்படிச் செய்வதென்றால் நினைத்தே பார்க்க முடியாது.

நிரப்புவது, திரும்ப நிரப்புவது

எழுத்து அழியாது என்றால் போத்தல் திரும்பி வரலாம். அதுதான் இந்த மாற்றத்தில் எனக்கு மிக நெருக்கமான பகுதி. திரும்ப நிரப்பும்போது திகதியும் தொகுதி இலக்கமும் விலையும் மாறும், பெயரும் பொருள்களும் மாறாது. ஆகவே மாறாதவை கண்ணாடியில். மாறுபவை தடித்த அட்டைத் துண்டில் றப்பர் முத்திரை குத்தி, கழுத்தில் பருத்தி நூலால் கட்டியது. திரும்பி வரும் போத்தலின் பழைய அட்டையைக் கழற்றிப் புதியது கட்டுவோம். அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது, அதனால் திகதியைப் போத்தலின் அடியிலும் எண்ணெயில் அழியாத பேனாவால் எழுதுகிறோம். அடுத்த முறை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம்.

போத்தலை வெந்நீரில் கொதிக்கவைத்து, தலைகீழாகக் காயவைத்து, உள்ளே ஈரம் துளியும் இல்லையென்று பார்த்தபிறகுதான் நிரப்புவது. எண்ணெயில் மட்டும் கிருமி வளர்வது கடினம், தண்ணீர் கலந்தால் கதை வேறு. அளவுக்குச் சாடியைவிடத் தராசு நல்லது. இந்த எண்ணெய் ஒரு மில்லிலீற்றர் 0.92 கிராம் அளவில் நிற்கும், போத்தலைத் தராசில் வைத்துச் சுழியாக்கி 92 கிராம் வந்ததும் நிறுத்தினால் 100 மில்லிலீற்றர். கழுத்துவரை நிரப்பக்கூடாது. காலையில் நிரப்பிய எண்ணெய் பஸ்ஸின் சாமான் பெட்டிக்குள் இருபது பாகை கூடச் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிலீற்றர் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

வெளியூருக்கு அனுப்பும்போது அட்டைப் பெட்டிக்குள் பெட்டி, குமிழ்ப் பிளாஸ்டிக் எதுவும் இல்லை. பத்திரிகைத் தாளில் சுற்றி, தென்னந்தும்பு அடைத்து ஒரே பெட்டி. கண்ணாடி பாரம்தான், அனுப்பும் செலவு கூடுகிறது. ஈரத் தரையில் விழுந்தால் உடையும் என்பதும் உண்மை. அதனால் ஷாம்பு செய்கிற யாரும் கண்ணாடிக்குப் போகவேண்டாம் என்பேன். எண்ணெய் பெரும்பாலும் அலுமாரியில் நிற்பது, குளியலறையில் நுரைக் கையோடு எடுப்பதில்லை, ஆகவே அதற்குச் சரி.

சின்னப் பக்கற் பற்றியும் சொல்லவேண்டும். 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத ஷாம்பு, எண்ணெய்ப் பக்கற்றுகள் இலங்கையில் 2021 மார்ச் 31இலிருந்து தடை. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. பல படலம் ஒட்டிய அந்தப் பக்கற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை, மழை வந்தால் வாய்க்கால் வழியே நேரே கடல். புறாத்தீவுப் பவளப்பாறை பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஆனால் அந்தப் பக்கற் எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பக்கற்றில் அடைக்கத் தொடங்கியதும், அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பு கொண்டுவந்ததும், ஒரு போத்தல் வாங்கக் காசில்லாதவரும் ஷாம்பு பாவிக்கட்டும் என்பதால்தான். அந்தத் தேவை இன்னும் இருக்கிறது. கண்ணாடிப் போத்தல் வந்ததும் விலை கூடிவிட்டது என்று அலெஸ்தோட்டத்துப் பக்கமிருந்து வரும் வழமையான வாடிக்கையாளர் சிலர் முகம் சுழித்தார்கள். அவர்களை இழந்து அழகான போத்தல் வைப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. குழாய் வைத்த எவர்சில்வர்ப் பாத்திரத்தில் எண்ணெய் நிரப்பி வைத்திருக்கிறோம். யாரும் தங்கள் போத்தலைக் கொண்டுவந்து வேண்டிய அளவுக்கு நிறுத்து வாங்கலாம், கழுவிக் காயவைத்த எந்தப் போத்தலும் சரி. எங்கள் போத்தல் வேண்டுமென்றால் வாங்கலாம், கட்டாயமில்லை. உறையே இல்லாத விற்பனையில்தான் இப்போது கூடுதலான எண்ணெய் போகிறது.

விடுதிக்காரர்களுக்குப் புதிய போத்தல் உடனே பிடித்துவிட்டது. நிலாவெளியில் ஒரு விடுதியில் ஒவ்வொரு அறைக்கும் கேட்டார்கள். நகரத்துக் கடையொன்றில் அதைத் தைலங்களோடு இறாக்கையின் பின்வரிசையில் வைத்தார்கள், சின்னம்மா சொன்னபடியே. கழுத்து அட்டையைச் சிவப்பு நூலால் கட்டி, தெளிந்த குப்பியைப் பக்கத்தில் வைக்கக் கொடுத்த பிறகு முன்வரிசைக்கு வந்தது. வெறும் வெள்ளை எழுத்து மட்டும் எல்லாக் கடைக்கும் போதாது. எண்ணெயின் பச்சையைக் கண்ணால் கண்டவர்தான் மண்ணிறப் போத்தலை நம்பி எடுக்கிறார்.

சீயக்காய்த் தூளுக்கு இன்னும் நல்ல உறை அமையவில்லை. வெறும் கடதாசிப் பையில் வாடைக் காலத்து ஈரத்துக்குக் கட்டிபட்டுவிடுகிறது, இரும்புத் தகரம் உப்புக் காற்றில் பொருத்திலிருந்து துருவேறுகிறது. புரி மூடி போட்ட அலுமினிய டப்பா ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், தூளைக் கடதாசிப் பையில் தனியாக விற்று டப்பாவில் கொட்டிக்கொள்ளும்படி. அதற்கும் அதே பெயரிங் கருவியில் அச்சடிக்கலாம், டப்பாவின் விட்டத்துக்கு ஏற்றபடி ரப்பர் கட்டையின் உயரத்தையும் ஸ்கிரீன் வழுக்கும் சட்டங்களின் உயரத்தையும் மாற்றவேண்டும். பூவுக்குப் பதில் சீயக்காய் நெற்று.